சாராயக் குத்தகையும் கோப்பித் தோட்டமும்

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். என் பழைய நண்பரொருவரின் மகன். தந்தையார் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை வங்கியில் இருக்கின்றது. அதனை முதலாகக் கொண்டு கண்டி நகரில் ஒரு வியாபாரம் தொடங்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் எண்ணம். என்ன வியாபாரம் என்பதில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை, உணவுக் கடைதான். எப்படித் தொடங்குவது என்பதிலேதான் வீடு இரண்டுபட்டு நிற்கின்றது. ஊரறிந்த பெயருடைய நிறுவனமொன்று, தன் பெயரையும் பலகையையும் சமையல் முறையையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை ஒரு தொகைக்குத் தருவதாகச் சொல்கின்றது. 'பிரான்சைஸ்' என்று அதற்குப் பெயர். தந்தையார் அதனையே வாங்கச் சொல்கிறார். தாயாரோ, "நம்முடைய கைப்பக்குவம் இருக்க, ஊரார் பெயர் எதற்கு?" என்கிறார். "மாமா, நீங்கள் சரித்திரம் படித்தவர்கள், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை.

சரித்திரம் படித்தவனிடம் வியாபாரத்துக்கு யோசனை கேட்பது, வைத்தியரிடம் போய் வீடு குடிபுக நாள் பார்க்கச் சொல்வதைப் போன்றது. ஆயினும், அவர் போன பின்பு எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. இதே கண்டி மாநகரில், இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்கு முன்னர், இதே வினா வேறோர் உருவில் சிலர் முன் வந்து நின்றது. அவர்கள் அதற்குக் கண்ட விடைகளால் இந்நாட்டின் செல்வம் இடம் மாறியது. மலைநாட்டின் முகமே மாறியது. அந்தக் கதையைத்தான் நேயர்களுக்கு இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிரான்சைஸ்' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சுதந்திரம், விடுதலை என்பதே அதன் வேர்ப்பொருள். ஐரோப்பாவின் மத்திய காலத்தில், சந்தை கூட்டவும், துறையில் ஓடம் விடவும், சுங்கம் தண்டவும் ஒருவனுக்கு மன்னன் தனி உரிமை அளிப்பான். மற்றவர்க்கு இல்லாத அந்தச் சலுகை, பெற்றவனுக்குச் சுதந்திரம். ஆகவே அந்தப் பெயர். சுதந்திரம் என்று பொருள்படும் சொல் இன்று பலகையின் நிறம் முதல் மேசைத் துணி வரை பிறர் சொற்படி நடக்கும் ஓர் ஒப்பந்தத்துக்குப் பெயராயிருப்பதை எண்ணினால் நகைப்பு வருகின்றது. அது கிடக்கட்டும்.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. அரசன் சிறைப்பட்டான், மலைநாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்டைப் பிடிப்பது ஒரு செலவு. பிடித்த நாட்டை ஆள்வது அதனினும் பெரிய செலவு. படை வேண்டும், பாதை வேண்டும், உத்தியோகத்தருக்குச் சம்பளம் வேண்டும். வருமானத்துக்கு எங்கே போவது? கரையோரத்திலே ஒல்லாந்தர் காலத்திலிருந்தே ஒரு வழி பழக்கத்தில் இருந்தது. சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது. ஆங்கிலேயர் அதனை அப்படியே மலைமேல் ஏற்றினார்கள். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லொன்றால் அதனை 'ரேந்தை' என்று சிங்கள மக்கள் அழைத்தார்கள். சாராயம் விற்கும் இடத்துக்குத் தமிழில் 'தவறணை' என்ற பெயர் வழங்கிற்று. அதுவும் போர்த்துக்கேயர் தந்ததே. ஏலம் என்னும் சொல்லும் அவர்களுடையதுதான். வியாபாரத்தை மட்டுமன்றி அதன் சொற்களையும் இறக்குமதி செய்துகொண்டோம் போலும்.

குத்தகை நடந்த விதம் இதுதான். ஒரு மாகாணம், அல்லது ஒரு மாவட்டம். அதன் எல்லைக்குள் சில்லறையாகச் சாராயம் விற்கும் முழு உரிமையும், பெரும்பாலும் ஓராண்டுக்கு, கச்சேரியிலே பகிரங்க ஏலத்தில் விடப்படும். யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்கு அது விழும். அவர் பிணை கொடுக்க வேண்டும். காணியோ வீடோ ஈடு காட்ட வேண்டும். ஏலத் தொகையைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். தவறினால் குத்தகை மீண்டும் ஏலத்துக்கு வரும். விலை குறைந்து போனால் குறைந்த தொகை பழைய குத்தகைக்காரனின் தலையில் விழும். பிணை நின்றவனின் சொத்தும் போகும். எத்தனை தவறணைகள், எங்கெங்கே என்பனவெல்லாம் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. குத்தகைக்காரர் தாமே எல்லாத் தவறணையையும் நடத்துவதில்லை. சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கீழ்க் குத்தகைக்கு விடுவார். கீழ்க் குத்தகைக்காரன் தவறணைக்காரனிடம் தன் பங்கைப் பிழிவான். தவறணைக்காரன் குடிப்பவனிடம் பிழிவான்.

இன்றைய பிரான்சைஸ் முறையின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். எல்லை வகுத்த பிரதேசம், குறித்த காலம், முன்கூட்டிய கட்டணம், மேலிருந்து வரும் விதிகள், கீழே கிளை பிரியும் விற்பனை. ஒன்று மட்டும் இல்லை. இன்றைக்கு உரிமை விற்கும் நிறுவனம் ஒரு பெயரைத் தருகின்றது. ஒரு தொழில்முறையைக் கற்றுக் கொடுக்கின்றது. அன்றைய அரசாங்கம் குத்தகைக்காரருக்கு என்ன கொடுத்தது? சாராயம் கொடுத்ததா? இல்லை, அதைக் களுத்துறைப் பக்கத்து வடிசாலைகளில் அவர்தாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி கொடுத்ததா? அதுவும் இல்லை. தென்னங்கள்ளை வடித்த சாராயம் பீப்பாய்களில் கரையோரத்திலிருந்து மலைக்கு ஏற வேண்டும். தொடக்கத்திலே பொதிமாடுகள், பிற்பாடு கரத்தை வண்டிகள். அரசாங்கம் அவருக்கு விற்றது ஒன்றே ஒன்று: வேறு எவனும் விற்கக்கூடாது என்ற தடை. ஒரு தடையைப் பணம் கொடுத்து வாங்கி, அந்தத் தடையிலிருந்து பணம் பண்ணுவதே குத்தகைத் தொழில்.

அது நல்ல தொழிலாய் இருந்ததா? இருந்தது, ஆனால் எல்லாருக்கும் அல்ல. ஏலத்தில் ஒரு வலை உண்டு. பத்துப் பேர் நின்று கேட்கும்போது, வரப்போகும் வருமானத்தை எவன் மிகையாக மதிப்பிடுகிறானோ அவனுக்குத்தான் பொருள் விழும். சரியாகக் கணக்குப் பார்த்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். பிழையாகக் கணக்குப் பார்த்தவன் வெற்றி பெற்றுக் கடனாளியாவான். அவ்வாறு அழிந்தவர்களும் பலர். இந்த வலையை அறுக்கக் குத்தகைக்காரர் கண்ட உபாயம் உறவு. சகோதரரும் மைத்துனரும் சம்பந்திகளும் ஒரு கூட்டாகச் சேர்ந்து, ஒருவருக்கெதிராக ஒருவர் கேளாமல், விலையை அடக்கிப் பிடித்தார்கள். அரசாங்கமும் விடவில்லை, பெரும் பகுதியாக விட்டுப் பார்த்தது, சிறு பகுதியாகப் பிரித்து விட்டுப் பார்த்தது. ஆண்டுதோறும் கச்சேரி முற்றத்தில் நடந்த இந்தச் சதுரங்க ஆட்டத்தில், தனியாக வந்த புதியவனுக்கு இடமில்லை. இன்றைக்கும் ஒரு பெயர்பெற்ற உரிமையை வாங்கப் போகிறவர்கள், தமக்கு முன் அதை வாங்கியவர்கள் யார், எத்தனை பேர், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று விசாரித்துக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி, குடித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். தொடக்கத்தில் படைவீரரும், பாதை வெட்டியோரும், பட்டினத்தாரும். பிறகு மலைநாட்டுக்குக் கோப்பி வந்தது. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையில் சின்னப்பிட்டியவில் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிர்ப்புறமாகவுள்ள கன்னொருவையில் தாமே கோப்பி பயிரிட்டார். அவர் காலத்தில் தொடங்கிய கொழும்பு கண்டிப் பாதை நிறைவெய்தியதும், அதை அமைத்த தோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் 1832இல் ஒரு கோபுரம் எழுந்தது. மறு ஆண்டில் பேராதனையில் மகாவலியின் மேல் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் நின்றது. கரையோரத்துச் சாராயப் பீப்பாய்க்கும் மலைநாட்டுக் கோப்பி மூட்டைக்கும் அந்த ஒரே பாதைதான்; ஒன்று ஏறிற்று, மற்றது இறங்கிற்று.

கோப்பி பறிக்கக் கைகள் வேண்டியிருந்தன. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் மக்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்தார்கள். வழியில் விழுந்தோர் விழுந்தார்கள். வந்து சேர்ந்தவர்களுக்குக் கங்காணியின் முன்பணக் கடன் கழுத்தில் இருந்தது. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. மழையிலும் குளிரிலும் நாள் முழுதும் நின்றவர்களுக்கு, சம்பள நாளன்று தோட்டத்துப் பாதை திரும்புகிற இடத்திலே ஒரு தவறணை காத்திருந்தது. குத்தகைத் தொகை ஏலத்தில் ஏறுந்தோறும் அந்த ஏற்றத்தை ஈடுசெய்ய வேண்டியவன் கடைசியில் அவன்தான். சாராயத்தில் தண்ணீர் கலப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன; குடியினால் வேலை கெடுவதாகத் துரைமார் முறையிட்டார்கள்; கிராமங்கள் கெடுவதாகச் சிங்களப் பெரியோர்கள் முறையிட்டார்கள். அரசாங்கம் கேட்டுக்கொண்டது, அடுத்த ஆண்டும் ஏலம் கூறிற்று. உரிமை வாங்கியவனின் இலாபத்தையும் நட்டத்தையும் பேசுகிற நாம், அந்த உரிமையின் விலையை உண்மையில் செலுத்தியவனையும் ஒருகணம் நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தக் குத்தகைகளால் எழுந்த குடும்பங்களுள் முதல் வரிசையில் நின்றது மொறட்டுவையைச் சேர்ந்த சொய்சா குடும்பம். ஜெரோனிஸ் த சொய்சா 1797இல் பிறந்தவர். நாட்டு வைத்தியக் குடும்பத்தில் வந்து, இளமையில் அந்தக் கல்வியையும் பெற்றவர். வைத்தியத்தை விட்டுக் கண்டிப் பக்கத்து வாணிகத்தில் இறங்கினார். தம் உடன்பிறந்தார் சுசேவ் த சொய்சாவோடும் உறவினரோடும் சேர்ந்து மலைநாட்டுச் சாராயக் குத்தகையில் பங்கெடுத்தார். கரையோரத்துச் சரக்கை அறிந்தவர். மலைநாட்டுப் பாதையை அறிந்தவர். உறவின் கூட்டும் பின்னால் இருந்தது. இப்படிப்பட்டவர் குத்தகையிலேயே வாழ்நாள் முழுவதையும் கழித்திருக்கலாம். வேறு சிலர் கழித்தார்கள்.

அவர் செய்தது வேறு. 1830களின் பிற்பகுதியில், கண்டிக்குத் தென்கிழக்கே ஹங்குராங்கெத்தையில், கண்டியரசர்களுக்கு உரியதாயிருந்து ஆங்கிலேய முடிக்குச் சேர்ந்த காணியொன்றை விலைக்கு வாங்கினார். பழைய அரண்மனை நின்ற ஊர் அது. அங்கே கோப்பி நட்டார். பெருந்தோட்ட முறையில் கோப்பி பயிரிட முன்வந்த முதல் இலங்கையர் என்று அவரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனால்தான். அக்காலத்தில் அது வெள்ளையரின் தொழில். உத்தியோகத்தரும் படைத் தலைவர்களும் முடிக்குரிய காணிகளை ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு வாங்கிக் கோப்பித் துரைமாராகிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கிடையே உள்நாட்டுக் குத்தகைக்காரர் ஒருவர் காடு வெட்டி நாற்று நடப் புறப்பட்டார். கோப்பி நட்டால் முதற் பலன் காண மூன்று ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும். குத்தகையில் பணம் நாள்தோறும் வரும். தோட்டத்தில் பணம் நாள்தோறும் போகும். எனினும் அவர் துணிந்தார். தோட்டம் பலித்தது, செல்வம் பெருகிற்று. அரசன் புதைத்து வைத்த பொற்குவியல் அந்த மண்ணில் அவருக்கு அகப்பட்டது என்று ஊரிலே ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஒருவன் உழைத்துப் பணக்காரனானான் என்பதைவிடப் புதையல் எடுத்தான் என்பதை ஊர் எளிதாக நம்பும். 1853இல் அவருக்கு முதலியார் பட்டம் கிடைத்தது; 1862இல் மறைந்தார். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி த சொய்சா காலத்தில் குடும்பத்தின் செல்வம் தென்னை, கறுவா, கோப்பி என்று பலவாகப் பரந்தது. 1870இல் எடின்பரோக் கோமகன் இலங்கை வந்தபோது, கொழும்பிலே தம் இல்லத்தில் அவர் அளித்த விருந்து இன்றும் பேசப்படுகின்றது.

குத்தகைப் பணந்தான் அந்நாளைய இலங்கை முதலாளிகளின் முதற் செல்வம் என்பதை மைக்கல் றொபேட்ஸ், பற்றிக் பீபிள்ஸ், குமாரி ஜயவர்த்தனா முதலிய ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நூல்களைப் படிக்கும்போது என் மனத்தில் தைத்தது ஒன்று. ஜெரோனிஸ் குத்தகையை வெறுத்து விட்டுவிடவில்லை. தோட்டம் வேரூன்றும் வரை குத்தகையின் வருமானம் அதைத் தாங்கிற்று. குத்தகை ஆண்டு முடிந்தவுடன் கையில் எஞ்சுவது காசு மட்டுமே. அந்தக் காசை அடுத்த ஏலத்துக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறவன் ஒவ்வோராண்டும் முதற்படியிலேயே நிற்பான். அவரோ அந்தக் காசை, கச்சேரியில் யாரும் ஏலம் கூறித் திரும்பப் பெற முடியாத ஒன்றாக மாற்றினார், மண்ணாக மாற்றினார்.

ஆனால் சொந்தத் தொழில் என்றால் பாதுகாப்பு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கோப்பியின் கதையே அதற்குச் சாட்சி. 1847இல் இங்கிலாந்தில் உண்டான பண நெருக்கடியால் கோப்பி விலை விழுந்தது. தோட்டங்கள் கிரயத்துக்கு ஆளின்றிக் கிடந்தன. சாராயக் குத்தகைக்காரன் அந்த ஆண்டும் விற்றுக்கொண்டுதான் இருந்தான். விலை மீண்டது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஏறிற்று. எல்லாம் செழித்திருந்த வேளையில், 1869இல் மடுல்சீமையிலே கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் அது. பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பியை அது தின்று தீர்த்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி முறிந்தது. சொந்தக் காணி, சொந்த மரம், சொந்தப் பெயர். அத்தனையும் இருந்தும் அகதிகளைப்போல் கப்பலேறிய துரைமார் எத்தனையோ பேர். வீட்டுத் தோட்டத்தில் நாட்டுக் கோப்பி வளர்த்துச் சில்லறைக் காசு கண்டிருந்த கண்டிக் கிராமத்தவனும் அந்த வருமானத்தை இழந்தான். பலவகைப் பயிரிலும் முதலிட்டிருந்த சொய்சா குடும்பத்தைப் போன்றோர் தப்பினார்கள்.

கோப்பி மாண்ட மண்ணில் தேயிலை எழுந்தது. அதை 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் நட்டு வழி காட்டிய ஜேம்ஸ் டெய்லர், அந்தத் தோட்டத்துக்கு உரியவர் அல்லர். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1892இல், தோட்டத்தை வைத்திருந்தவர்கள் அவரை விலகச் சொன்னார்கள். அதே ஆண்டு அவர் அங்கேயே இறந்தார். தொழிலின் அறிவு முழுவதும் தன்னிடம் இருந்தும், உரிமை தன்னிடம் இல்லாதவனுடைய நிலை அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1890இல், தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். தேயிலைப் பொட்டலத்தின்மேல் தம் பெயரை எழுதினார். உலகம் எந்தப் பெயரை அறிந்திருக்கின்றது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம்மவர் வழக்கமொன்றையும் நினைக்க வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து கொழும்பிலும் கண்டியிலும் பிற ஊர்களிலும் கடைகள் வைத்தார்கள். அரிசி, துணி, கடன் கொடுத்தல் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்த அடையாளம் அது. செட்டிநாட்டிலிருக்கும் முதலாளியின் விலாசத்தைத் தாங்கி, மூன்று ஆண்டுத் தவணைக்கு ஒரு மேலாள் இங்கு வருவார். சம்பளம் முன்பே பேசித் தீர்த்தது. ஒரு பங்கு முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். கணக்கு எழுதும் முறை, வட்டி போடும் முறை, எவனுக்குக் கடன் கொடுக்கலாம், எவனுக்குக் கூடாது என்று ஆள் அறியும் முறை எல்லாம் அந்த விலாசத்தின் செல்வம். அதைப் பெட்டியடிப் பையனாக வந்தவன் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்பான். தவணைகள் சில கழிந்தபின், கையில் சேர்ந்ததைக் கொண்டு தன் விலாசத்திலே கடை திறப்பான்.

என் பார்வையில், இன்றைய பிரான்சைஸ் முறையிலுள்ள நன்மை முழுவதும் இந்த ஏற்பாட்டிலே இருந்தது. அதிலும் முதலாளியின் பணத்தில் கற்றுக்கொள்ளலாம். பிறர் பெயரின் கீழ் நிற்பது இழிவென்று அவர்கள் எண்ணவில்லை. அங்கேயே நின்றுவிட வேண்டும் என்றும் எண்ணவில்லை. அவர்களுக்கும் இடி விழுந்தது உண்மை. 1925இல் பெரிய செட்டியார் கடையொன்று முறிந்ததும் ஐரோப்பிய வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. ஒரு விலாசத்தின் சறுக்கலால் எல்லா விலாசங்களின் நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. பொதுப்பெயரின் கீழ் வாழ்வோர்க்கு இந்த ஆபத்து எப்பொழுதும் உண்டு. எங்கோ ஒரு கிளையில் ஒருவன் செய்த தவறுக்கு இங்கே வாடிக்கையாளர் வராமற் போவார்கள்.

சாராயக் குத்தகைக்கு என்ன ஆயிற்று? 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கங்கள் நாட்டில் எழுந்தன. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய பெருங்குத்தகை முறைக்கு முடிவு கட்டிற்று. மூன்று தலைமுறைகளாகச் சில குடும்பங்களுக்குச் செல்வம் சொரிந்த உரிமை, ஒரு சட்டத்தால் வேறு உருவெடுத்தது. கொடுத்தவன் கை, எடுக்கவும் வல்லது. அதற்குள் அந்தக் குடும்பங்கள் காணியும் கல்வியும் வீடுகளும் ஆகிவிட்டன. குத்தகைச் சீட்டை மட்டும் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதவில்லை.

பெயரை விற்கும் வியாபாரம் வேறொரு திசையில் வளர்ந்தது. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1850களில் தையல் இயந்திரம் செய்தபோது, கையில் முதல் போதாமல், பிரதேசம் பிரதேசமாக விற்பனை உரிமையைப் பிறருக்கு விற்றார். கம்பெனி வலுப்பெற்றதும் அந்த உரிமைகளை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கித் தன் கிளைகளாக்கிக்கொண்டது. 1877இல் அதே சிங்கர் இலங்கைக்கும் வந்தது. தன்னிடம் பணம் இல்லாதபோது உரிமையை விற்பதும், பணம் வந்தபின் மீட்பதும் விற்பவனுக்கு நல்ல கணக்கு, வாங்கியவனுக்கு எப்படியோ! இருபதாம் நூற்றாண்டில் இம்முறை உணவுக் கடைகளைப் பற்றிக்கொண்டது. கென்ரக்கி மாநிலத்துச் சாண்டர்ஸ் என்பவர் தம் கோழிப் பொரியல் உரிமையை முதன்முதலில் 1952இல் இன்னொரு கடைக்காரருக்கு அளித்தார்.

அந்தக் கோழிப் பொரியல் 1990களில் இலங்கைக்கு வந்தது. கொண்டுவந்தது கார்கில்ஸ் நிறுவனம். 1844இல், கோப்பிக் காய்ச்சல் நாட்டைப் பிடித்தாட்டிய காலத்தில், வில்லியம் மில்ன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் சொந்தக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றைம்பது ஆண்டுகள் தன் பெயரிலேயே வியாபாரம் செய்த ஒரு வீடு, பிறர் பெயரொன்றையும் வாங்கித் தன் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டது. தலதா வீதியில் அந்நிறுவனத்தின் பழைய கட்டடத்தைக் கடக்கும்போது நான் இதை எண்ணுவதுண்டு. உரிமையை வாங்கியவர்கள்தாம், ஆயினும் அந்த ஒப்பந்தம் நாளை முடிந்தாலும் அவர்களுக்குக் கதவின்மேல் எழுத வேறு பெயர் இருக்கின்றது.

அந்தப் பிள்ளை சென்ற ஞாயிறன்று மீண்டும் வந்தார். இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம்மோடு கொண்டுவந்திருந்த ஒப்பந்தப் படியைப் பிரித்தார். ஆங்கிலத்தில் முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. இருவருமாக உட்கார்ந்து வாசித்தோம். எத்தனை ஆண்டுகளுக்கு உரிமை என்பது ஓரிடத்தில் இருந்தது. விற்பனையில் எத்தனை வீதம் கட்ட வேண்டும் என்பது வேறோரிடத்தில் இருந்தது. இலாபத்தில் அன்று, விற்பனையில். அரிசியையும் எண்ணெயையும் மசாலையையும் யாரிடம் வாங்க வேண்டும் என்பது ஒரு பின்னிணைப்பில் இருந்தது. அதே வீதியில் இன்னொருவருக்கு அதே உரிமையைக் கொடுக்கமாட்டோம் என்ற வாசகத்தைத் தேடினோம். கச்சேரியில் ஏலம் எடுத்த குத்தகைக்காரனுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே பொருள் அதுதான் என்று சொன்னேனல்லவா? முப்பது பக்கத்திலும் அந்த வாசகம் அகப்படவில்லை.

"அப்பாவிடம் காட்ட வேண்டும்" என்று தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். தாயார் இதற்கிடையில் வீட்டு முற்றத்தில் ஒரு மேசை போட்டு, மாலை வேளையில் அயலவர்க்கு இடியப்பமும் சொதியும் விற்கத் தொடங்கிவிட்டார் என்று, படியிறங்கும்போதுதான் சொன்னார்.